226-இல் 221: வட கரோலினா 9-ஆம் தொகுதியின் கட்சி முதன்மைத் தேர்தல், ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கிருந்து தொடங்குவது

2019 பிப்ரவரி 21 அன்று, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தேர்தல் வாரியம் காங்கிரஸுக்கான, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான, ஒரு தொகுதித் தேர்தலைச் செல்லாது என்று முடிவு செய்தது. ஐந்து உறுப்பினர்களும் ஒரே பக்கம். மூன்று மாதத்துக்கும் மேலாக வெற்றிச் சான்றிதழ் தரப்படாமல் கிடந்த தேர்தல் அது. செய்திகளில் இது 2018 நவம்பர் பொதுத் தேர்தலில் நடந்த தபால் ஓட்டு முறைகேடாகத்தான் வந்தது. வெளியான சாட்சியங்களையும் கடிதங்களையும் தேதி வரிசைப்படி அடுக்கினால் கதை அதற்கு இரண்டரை வருஷம் முன்னால், ஒரு கட்சியின் உட்போட்டியில் தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்தைப் பற்றித்தான் இந்த ஆய்வு.

சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் பொது ஆவணங்களில் இருப்பவைதான். ஆனாலும் இங்கே யார் என்பதைவிட எப்படி என்பதே முக்கியம் என்பதால் அவர்கள் வகித்த பாத்திரத்தை வைத்தே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

அமெரிக்காவில் தொகுதி வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. முதலில் கட்சிக்குள் ஒரு தேர்தல் நடக்கும். அதுதான் பிரைமரி, முதன்மைத் தேர்தல். அரசே நடத்தும், அரசின் தேர்தல் அலுவலர்களே எண்ணுவார்கள். வட கரோலினாவில் ஒரு கட்சியின் பிரைமரியில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்களும், எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவர்களும் ஓட்டுப் போடலாம். எதிர்க்கட்சியில் பதிவு செய்தவர் போட முடியாது. பொதுத் தேர்தலோடு ஒப்பிட்டால் வருகிற கூட்டம் மிகக் குறைவு. அதனால் சில நூறு ஓட்டுகளில் ஒருவருடைய அரசியல் வாழ்க்கை முடிந்துபோகும்.

அன்றைய 9-ஆம் தொகுதி மேற்கே சார்லட் நகரத்தின் வசதியான புறநகர்களில் தொடங்கி, தென் எல்லையை ஒட்டியே கிழக்கே நீண்டு, ஃபேயட்வில் பக்கம் வரை போனது. மேற்கு முனையில் வங்கி ஊழியர்கள், பெரிய தேவாலயங்கள். கிழக்கு முனையில் ஏழைக் கிராமங்கள், பண்ணைகள். கிழக்கில்தான் பிளேடன் கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது நம் மாவட்டம் போல ஒரு நிர்வாகப் பகுதி. 2010 கணக்கெடுப்பில் சுமார் 35,000 பேர். உலகிலேயே பெரியது என்று சொல்லப்படும் பன்றி இறைச்சி ஆலை அங்கேதான். கவுண்டி அலுவலகங்கள் இருக்கும் எலிசபெத்டவுன் ஒரு சின்ன ஊர். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

தபால் ஓட்டு முறையையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வட கரோலினாவில் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் தபால் ஓட்டுக் கேட்கலாம். விண்ணப்பம் கொடுத்தால் வாக்குச்சீட்டு வீட்டுக்கு வரும். வாக்காளர் குறித்து, உறையில் போட்டு, வெளியே கையெழுத்திட வேண்டும். அன்றைய விதிப்படி இரண்டு சாட்சிகள் அல்லது ஒரு நோட்டரி கையெழுத்திட வேண்டும். அப்புறம் அதைத் தபாலில் சேர்ப்பது வாக்காளரோ நெருங்கிய உறவினரோ சட்டக் காப்பாளரோ மட்டுமே. வேறு யாராவது வீடு வீடாகப் போய் வாக்குச்சீட்டைச் சேகரித்தால் அது கடுங்குற்றம். விண்ணப்பத்தைச் சேகரிப்பது அப்போது குற்றமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்துதான் இங்கே முழுக் கதையும்.

2016 ஜூன்: அட்டவணையில் இருந்த எண்

2016-இல் நீதிமன்றம் பழைய தொகுதி வரைபடத்தைத் தள்ளுபடி செய்ததால் எல்லைகள் புதிதாக வரையப்பட்டன. குடியரசுக் கட்சியின் பிரைமரி ஜூன் 7-க்குத் தள்ளிப்போனது. பிளேடன் அப்போதுதான் இந்தத் தொகுதிக்குள் வந்தது. மூன்று பேர் போட்டி. பதவியில் இருந்த உறுப்பினர், சார்லட்டில் பெரிய பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இருந்த ஒரு பாதிரியார், பக்கத்து யூனியன் கவுண்டியைச் சேர்ந்த மூன்றாமவர். உறுப்பினர் 134 ஓட்டில் தப்பித்தார். பாதிரியார் இரண்டாவது.

பிளேடன் கவுண்டியின் தபால் ஓட்டுகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் இப்படி இருந்தது: மொத்தம் 226. அதில் 221 மூன்றாமவருக்கு. பாதிரியாருக்கு 4. பதவியில் இருந்த உறுப்பினருக்கு 1.

(முதன்முதலில் இதைப் பார்த்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். இல்லை.)

தொகுதி முழுக்கக் கடைசியாக வந்தவர் ஒரு கவுண்டியில், அதுவும் ஒரு வகை ஓட்டில் மட்டும், 98 சதவீதம் வாங்கியிருக்கிறார். மக்களின் விருப்பம் அப்படி ஒரே வகை உறைக்குள் போய் உட்காராது. காரணம் ஊரில் பலருக்குத் தெரியும். மூன்றாமவர் பிளேடனில் ஓர் உள்ளூர் ஆளை வேலைக்கு வைத்திருந்தார். அந்த ஆளை இனி ஏஜென்ட் என்று சொல்கிறேன். கட்சி பார்க்காமல் யாருக்கும் வேலை செய்கிறவர், தபால் ஓட்டு என்றால் அவர்தான் என்று பெயர் எடுத்தவர். 1990களின் தொடக்கத்தில் பொய்ச்சாட்சியம், இன்சூரன்ஸ் மோசடி வழக்குகளில் தண்டனை பெற்றவர்.

அன்று யாரும் புகார் கொடுக்கவில்லை. ஏன் என்று யோசித்தால் பிரைமரியின் இயல்பு பிடிபடும். பொதுத் தேர்தலில் இரண்டு கட்சிகளின் வக்கீல்கள் ஒருவர் மேல் ஒருவர் கண் வைத்திருப்பார்கள். ஒரே கட்சிக்குள் நடக்கும் போட்டியில் அந்தக் கண் கிடையாது. ஜெயித்தவருக்குப் பிரச்சினை இல்லை. மூன்றாமவர் எப்படியும் தோற்றவர். மாநிலக் கட்சிக்கு மறுநாள் காலையே எல்லாரும் கை குலுக்கிவிட்டால் போதும். எதிர்க்கட்சிக்கு இது அடுத்த வீட்டுச் சண்டை.

அதே ஆண்டு நவம்பரில் ஏஜென்ட் பிளேடனில் மண்-நீர்ப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போட்டியிட்டு வென்றார். வென்ற கையோடு, எதிர்த் தரப்பு தபால் ஓட்டில் தில்லுமுல்லு செய்ததாக அவரே புகாரும் கொடுத்தார். அந்தப் புகாரை விசாரிக்க டிசம்பரில் கூடிய மாநில வாரியத்தின் முன்னால் அவருடைய சொந்த வேலைமுறை பற்றியும் கேள்விகள் எழுந்தன. 2017 ஜனவரியில் விவரங்கள் கூட்டரசு வழக்கறிஞர்களுக்கு அனுப்பப்பட்டன. 2018 நவம்பர் வரை குற்றச்சாட்டு எதுவும் வரவில்லை.

2017: ஆளைத் தேடிப் போனது

134 ஓட்டில் தோற்ற பாதிரியாரின் பக்கம் இரண்டு பேர் அந்த 221-ஐப் பார்த்தார்கள். இரண்டு பேரும் இரண்டு விதமாகப் படித்தார்கள்.

ஒருவர் அவருடைய மகன். இளம் வக்கீல், பின்னாளில் கூட்டரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பணிபுரிந்தவர். தேர்தல் முடிந்ததும் பிளேடனின் தபால் ஓட்டுகள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த தேதிகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். தனித்தனி வீடுகளில் இருந்து தனித்தனியாக வரும் தபால் சிதறலாக வர வேண்டும். இவை கட்டுக் கட்டாக வந்திருந்தன. யாரோ சேர்த்துவைத்து அனுப்புகிறார்கள் என்று அவருக்குப் பட்டது.

இன்னொருவர் பாதிரியாரே. 2017 மார்ச்சில், நீதித்துறையில் இருந்த ஒரு நண்பருக்கு அவர் குறுஞ்செய்தி அனுப்புகிறார். மூன்றாமவருக்குத் தபால் ஓட்டு வேலை பார்த்த அந்த ஆளை அறிமுகப்படுத்தித் தர முடியுமா என்று கேட்கிறார். அந்த ஆள் மட்டும் தன் பக்கம் இருந்திருந்தால் இந்நேரம் தான் காங்கிரஸில் இருந்திருப்பேன் என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். கணக்குப்படி அது தவறுமில்லை: தோல்வி 134, அந்த உறைகள் 221.

என் பார்வையில் இந்த நிகழ்வின் திருப்பம் இதுதான். ஒரே எண். மகனுக்கு அது தடயம். அப்பாவுக்கு அது விளம்பரம்.

2017 ஏப்ரல் 6 அன்று பிளேடனில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் பாதிரியாரும் ஏஜென்ட்டும் சந்தித்தார்கள். ஏஜென்ட் தன் திட்டத்தை இரண்டு கட்டமாக விவரித்ததாகப் பாதிரியார் பிறகு சாட்சியம் சொன்னார். முதல் கட்டம், விண்ணப்பங்களை நிரப்பி வாங்குவது. இரண்டாவது, சீட்டு வந்ததும் மறுபடி போய் உதவி வேண்டுமா என்று கேட்பது. சீட்டைக் கையால் தொடமாட்டோம் என்று உறுதி தந்தாராம். மறுநாளே மகன் அப்பாவுக்கு மின்னஞ்சல் எழுதினார். சீட்டைச் சேகரிப்பது கடுங்குற்றம் என்று சட்டத்தைச் சுட்டிக்காட்டி, அந்த ஆள் செய்வதெல்லாம் செய்தியில் வந்தால் உங்களுக்குச் சங்கடமாக இருக்காதா என்று கேட்டார்.

எடுத்த முடிவு: ஏஜென்ட்டை வைத்துக்கொள்வது. காரணங்களும் இருந்தன. உள்ளூரில் மதிப்புள்ள ஆட்கள் பரிந்துரைத்தார்கள். ஏஜென்ட் நேருக்கு நேர் உறுதி சொன்னார். பணம் நேரடியாகப் போகாமல் ஒரு பிரச்சார ஆலோசனை நிறுவனம் வழியாகப் போனது. 2017 ஜூலையில் இருந்து 2018 நவம்பர் வரை அந்த வழியில் 1.31 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கப்பட்டதாக விசாரணையில் கணக்கு வந்தது. ஒரு சின்ன கவுண்டியில் விண்ணப்பம் சேகரிக்க இவ்வளவா என்று அந்த ஒன்றரை வருஷத்தில் யாரும் உட்கார்ந்து கேட்டதாகத் தெரியவில்லை.

2018 மே 8: பிரைமரி

மறுபடி அதே உறுப்பினர், அதே பாதிரியார், கூடவே புதிதாக ஒரு மூன்றாமவர். பாதிரியார் 17,302. உறுப்பினர் 16,474. மூன்றாமவர் 1,867. வித்தியாசம் 828. அந்த ஆண்டு நாடு முழுவதிலும் பிரைமரியில் தோற்ற முதல் பதவியில் இருந்த காங்கிரஸ் உறுப்பினர் இவர்தான்.

பிளேடனின் தபால் ஓட்டுகள்: மொத்தம் 456. பாதிரியாருக்கு 437. மற்ற இருவருக்கும் சேர்த்து 19.

96 சதவீதம். இரண்டு வருஷம் முன்னால் இதே கவுண்டியில், இதே வகை ஓட்டில் 4 வாங்கியவர் இப்போது 437 வாங்கியிருக்கிறார். இடையில் மாறியது ஏஜென்ட்டின் முதலாளி மட்டும்தான்.

தோற்றவரின் ஆட்கள் கட்சிக்குள் சிலரிடம் சந்தேகத்தைச் சொன்னதாகப் பிற்பாடு செய்தி வந்தது. முறையான ஆட்சேபம் எதுவும் வரவில்லை, முடிவு உறுதியானது. இங்கே ஒரு கணக்கு நியாயமாகச் சொல்லப்பட வேண்டும். பிளேடன் தபால் ஓட்டு முழுவதையும் கழித்துவிட்டாலும் பாதிரியார் நானூறு ஓட்டுக்கு மேல் முன்னணியில்தான் இருந்திருப்பார். முடிவு மாறாது என்றால் ஏன் கிளறுவது என்று ஒரு வக்கீல் சொல்லியிருந்தால் அதில் தர்க்கம் இருக்கிறது. அந்தத் தர்க்கம் எங்கே உடைகிறது என்று பிறகு பார்க்கலாம்.

உறைகளுக்குள் நடந்தது

ஏஜென்ட்டின் ஆட்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பது 2019 விசாரணையில்தான் விரிவாகத் தெரிய வந்தது. முக்கியச் சாட்சி ஏஜென்ட்டின் முன்னாள் மனைவியின் மகள், அவருக்காக வீடு வீடாகப் போனவர்.

முதலில் விண்ணப்பம். இத்தனை விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று கூலி. நிரப்பிய விண்ணப்பங்களை ஏஜென்ட் நகல் எடுத்து வைத்துக்கொள்வார். வாக்காளரின் விவரமும் கையெழுத்தும் கையில் இருந்தால் அடுத்த தேர்தலுக்கும் ஆகும். யார் யார் தபால் ஓட்டுக் கேட்டிருக்கிறார்கள் என்பது அப்போது பொதுத் தகவல். எந்த வீட்டுக்கு எப்போது சீட்டு வந்திருக்கும் என்று கணிப்பது கஷ்டமில்லை.

சீட்டு வந்த வீட்டுக்கு மறுபடி போவார்கள். தெரிந்த முகம். நாங்களே தபாலில் போட்டுவிடுகிறோம் என்பார்கள். பலர் கொடுத்தார்கள். சில சீட்டுகள் உறை ஒட்டப்படாமல் வந்தன. சிலவற்றில் சில பதவிகளுக்கான இடங்கள் காலியாக இருந்தன. காலியிடங்களைத் தானே நிரப்பியதாக அந்தப் பெண் ஒப்புக்கொண்டார். வாக்காளர் சீட்டைக் குறிக்கும்போது பக்கத்திலேயே இல்லாமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டதாகவும் சொன்னார்.

அடுத்தது மறைக்கும் வேலை. இதைப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சாட்சிக் கையெழுத்து வாக்காளர் பயன்படுத்திய அதே நிற மையில் இருக்க வேண்டும். நீல மை என்றால் நீலம், கறுப்பு என்றால் கறுப்பு. உறைகளைப் பெரிய கட்டாக அஞ்சலகத்தில் கொண்டு போடக் கூடாது, ஒன்பது பத்துக்கு மேல் வேண்டாம். வாக்காளர் வீட்டுக்குப் பக்கத்து அஞ்சலகத்தில் இருந்தே போக வேண்டும். தபால்தலை ஒட்டுவதில்கூட கவனம்: எல்லா உறையிலும் ஒரே மாதிரி விசித்திரமாக, கோணலாகவோ தலைகீழாகவோ, ஒட்டியிருந்தால் யாராவது கவனித்துவிடுவார்கள்.

2016-இல் மகன் கண்டுபிடித்தது கட்டுக் கட்டாக வந்ததைத்தான். 2018-இல் கட்டுகளின் அளவே சிறிதாகிவிட்டது.

நவம்பர்: சான்றிதழ் நின்றது

2018 நவம்பர் 6 பொதுத் தேர்தலில் பாதிரியார் 905 ஓட்டில் முன்னால் இருந்தார். 139,246-க்கு 138,341. ஜனநாயகக் கட்சி வேட்பாளர், முன்னாள் கடற்படைக் காலாட்படை வீரர், மறுநாளே தோல்வியை ஏற்றுக்கொண்டார். வழக்கமான முடிவு என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

நவம்பர் 27 அன்று மாநில வாரியத்தின் துணைத் தலைவர், 9-ஆம் தொகுதி முடிவுக்குச் சான்றிதழ் தர வேண்டாம் என்று முன்மொழிந்தார். பிளேடனுக்குப் பக்கத்து ராபிசன் கவுண்டியைச் சேர்ந்தவர் அவர். தன் பகுதியில் நடக்கும் விஷயங்களைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது என்றார். வாரியத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் இருந்தார்கள். ஒன்பது பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த வாரங்களில் தகவல்கள் கொட்டின. பிளேடனில் ஏற்கப்பட்ட தபால் ஓட்டுகளில் குடியரசுக் கட்சியில் பதிவு செய்தவர்களுடையவை 19 சதவீதம்தான், ஆனால் பாதிரியார் வாங்கியது 61 சதவீதம். கவுண்டி அலுவலகத்தின் பதிவேட்டில் மொத்தம் 1,341 விண்ணப்பங்களில் 592-ஐக் கொண்டுவந்து கொடுத்தவர் ஏஜென்ட் ஒருவரே. உறைகளைப் பத்திரிகையாளர்கள் புரட்டியபோது சாட்சிகளின் இடத்தில் ஒரே சில பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. வீட்டுக்கு வந்த பெண் மீதியைத் தான் நிரப்பிக்கொள்வதாகச் சொல்லி சீட்டை வாங்கிப் போனதாக ஒரு வாக்காளர் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். டிசம்பர் 6 அன்று ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தோல்வியை ஏற்றதைத் திரும்பப் பெற்றார்.

அப்போதுதான் எல்லாரும் பழைய பிரைமரி அட்டவணைகளை எடுத்தார்கள். 437-உம் 221-உம் தலைப்புச் செய்தியாயின. இரண்டும் அரசு இணையதளத்தில் அதுவரை யாரும் திறந்து பார்க்கலாம் என்றுதான் கிடந்தன.

நடுவில் வேறொரு வழக்கின் தீர்ப்பால் டிசம்பர் 28 அன்று வாரியமே கலைந்தது. ஜனவரி கடைசியில் ஐந்து பேர் கொண்ட புது வாரியம் வந்தது. ஜனவரி 3 அன்று புதிய காங்கிரஸ் பதவியேற்றபோது இந்தத் தொகுதியின் நாற்காலி காலி. 2018 செப்டம்பரில் ஃப்ளாரன்ஸ் புயல் புரட்டிப்போட்ட கிழக்குக் கவுண்டிகள், நிவாரணத்துக்கு அலைந்த மாதங்களில், வாஷிங்டனில் ஆளில்லாமல் இருந்தன.

ராலே விசாரணை

2019 பிப்ரவரி 18 முதல் 21 வரை தலைநகர் ராலேயில் நான்கு நாள். ஏஜென்ட் முதல் நாளே, தண்டனை விலக்கு இல்லாமல் சாட்சி சொல்ல மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். முன்னாள் மனைவியின் மகள் பேசினார். ஆலோசனை நிறுவனத்துக்காரர் பேசினார்.

மூன்றாம் நாள் எதிர்பாராமல் மகன் அழைக்கப்பட்டார். 2016-இல் என்ன கண்டேன், 2017-இல் என்ன எழுதினேன் என்று வரிசையாகச் சொன்னார். அப்பாவை நேசிக்கிறேன், அவர் மற்றவர்களை எளிதில் நம்பிவிட்டார் என்று முடித்தார். சில அடி தூரத்தில் உட்கார்ந்திருந்த அப்பா அழுதுகொண்டிருந்தார். முந்திய வாரம் வரை பிரச்சாரத் தரப்பு சொல்லிவந்தது, யாரும் எங்களை எச்சரிக்கவில்லை என்பது. அது அந்த ஒரு மணி நேரத்தில் விழுந்தது.

நான்காம் நாள் பாதிரியாரே சாட்சி சொன்னார். மகனின் மின்னஞ்சல்கள் விசாரணையில் வராது என்று யாரிடமாவது சொன்னீர்களா என்று கேள்வி வந்தது. இல்லை என்றார். இளைய மகனிடம் இரண்டு நாள் முன் அதையே சொன்னதாகத் தெரிய வந்தது. இடைவேளை. திரும்பி வந்தவர், ஜனவரியில் வந்த கடும் தொற்றும் பக்கவாதமும் நினைவைப் பாதித்துவிட்டதாகச் சொல்லி, மக்களின் நம்பிக்கை போய்விட்டது, புதுத் தேர்தல் வேண்டும் என்று தானே கேட்டார். எழுந்து போய்விட்டார். சீக்கிரமே வாரியம் வாக்களித்தது. 5-0.

முறைகேடு தனக்குத் தெரியாது என்பதே அவர் நிலை. அவர்மேல் வழக்கு இல்லை என்று 2020-இல் அரசு வழக்கறிஞர் அறிவித்தார். இதையும் பதிவு செய்வது நியாயம்.

முடிவின் காரணம்

905 ஓட்டுகளும் கள்ள ஓட்டு என்று வாரியத்தின் முன் யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கவும் முடியாது. உறையைப் பிரித்தபின் எந்தச் சீட்டு யாருடையது என்று தெரியாது. சேகரித்துவிட்டுப் போடாமல் விட்டவை எத்தனை என்றும் கணக்கில்லை. ராபிசனில் கேட்டு வாங்கப்பட்ட தபால் சீட்டுகளில் பாதிக்கும் மேல் திரும்பி வரவே இல்லை.

மாநிலச் சட்டத்தில் இன்னொரு வழி இருந்தது. முறைகேடுகள் தேர்தல் முழுவதையும் களங்கப்படுத்தி அதன் நேர்மையையே சந்தேகத்துக்கு உள்ளாக்கினால், எண்ணிக்கை மாறும் என்று நிரூபிக்காமலேயே புதுத் தேர்தல் நடத்தலாம். வாரியம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. பிரைமரியின் "முடிவு மாறாது" தர்க்கம் உடைவதும் இங்கேதான். கெட்டுப்போன 437-ஐக் கழித்துப் பார்ப்பதற்கு, மீதி 35,000-மும் நல்லவை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். தேடாத இடத்தில் எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது.

அதன்பின்

ரத்தானது பொதுத் தேர்தல்தானே, பழைய வேட்பாளர்களே நிற்க வேண்டாமா என்ற கேள்வி இருந்தது. டிசம்பரிலேயே மாநிலச் சட்டமன்றம், ஆளுநரின் மறுப்பாணையைத் தாண்டி, புதுத் தேர்தல் வந்தால் பிரைமரியும் புதிதாக நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. களங்கம் பிரைமரியிலேயே இருக்கிறது என்பது அதற்கு வலுவான காரணம். சங்கடமான வேட்பாளரை மாற்ற கட்சிக்கு அது வசதியாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

பாதிரியார் நிற்கவில்லை. 2019 மே 14 பிரைமரியில் குடியரசுக் கட்சியில் பத்துப் பேர். ஒரு மாநில செனட்டர் கிட்டத்தட்ட 48 சதவீதத்தோடு வென்றார். செப்டம்பர் 10 தேர்தலில் அவரே சுமார் இரண்டு சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். கட்சி மாறவில்லை, ஆள் மாறினார். தொகுதி எட்டு மாதம் பிரதிநிதி இல்லாமல் கிடந்தது.

ஏஜென்ட் பிப்ரவரி கடைசியில் கைதானார். முதலில் பதிவான குற்றச்சாட்டுகள் 2016 பொதுத் தேர்தலையும் 2018 பிரைமரியையும் பற்றியவை, நவம்பரைப் பற்றியவை பிறகு சேர்ந்தன. வழக்கு விசாரணைக்கு வருமுன் 2022 ஏப்ரலில் அவர் நோயில் இறந்தார். அவரிடம் வேலை பார்த்தவர்களில் சிலர் சிறு குற்றங்களை ஒப்புக்கொண்டார்கள். கூலிக்குப் போனவர்கள் தண்டனை வாங்கினார்கள், கூலி கொடுத்தவரின் வழக்கு அவரோடு முடிந்தது.

எது மாறியது, எது மாறவில்லை

2019 கடைசியில் வந்த மாநிலச் சட்டம் பல சந்துகளை அடைத்தது. விண்ணப்பத்தை வாக்காளரோ நெருங்கிய உறவினரோ சட்டக் காப்பாளரோதான் கொடுக்கலாம். எண்ணிக்கைக்குக் கூலி தருவது குற்றம். யார் தபால் ஓட்டுக் கேட்டார் என்பது இனி முன்கூட்டிப் பொதுத் தகவல் இல்லை. ஏஜென்ட்டின் முறையை ஒவ்வொரு படியாகப் பிரித்துப் போட்டு எழுதிய சட்டம் போல இருக்கிறது. இதில் எனக்குக் குறையில்லை.

சட்டம் தொடாத இடம் பிரைமரியின் காவலின்மை. முடிவை உறுதி செய்வதற்கு முன்னால் ஒவ்வொரு கவுண்டியிலும், ஒவ்வொரு வகை ஓட்டிலும், வேட்பாளர் வாரியாக விகிதத்தைப் பார்த்து, மற்ற ஓட்டுகளோடு ஒட்டாமல் நிற்கும் எண்ணை வாரியமே கேள்வி கேட்க வேண்டும் என்பேன். அரை நாள் வேலை. யாராவது புகார் கொடுத்தால்தான் பார்ப்போம் என்பது, புகார் கொடுக்க ஆளே இல்லாத தேர்தலில் பார்க்கமாட்டோம் என்பதற்குச் சமம். தோற்ற வேட்பாளரும் அப்படித்தான். 2018 மே மாதத்தில் அந்த உறுப்பினர் ஓர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருந்தால் அவருக்கு ஆசனம் கிடைத்திருக்காது என்பது சரி. நவம்பர் காப்பாற்றப்பட்டிருக்கலாம்.

பிரச்சாரத் தரப்பில் என்ன மாறியிருக்க வேண்டும் என்பதைத் தேட வேண்டியதில்லை. அது 2017 ஏப்ரல் 7 தேதியிட்ட மின்னஞ்சலில் இருக்கிறது.

பாதிரியார் 2024-இல் திரும்பி வந்தார், 2018 வெற்றி தன்னிடமிருந்து பறிக்கப்பட்டது என்ற பேச்சோடு. வட கரோலினாவில் பிரைமரியில் 30 சதவீதத்துக்கு மேல் வாங்கினால் இரண்டாம் சுற்று தேவையில்லை. பல முனைப் போட்டியில் அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டினார், நவம்பரில் ஜெயித்து காங்கிரஸுக்குப் போனார். அது 8-ஆம் தொகுதி. பழைய 9-ஆம் தொகுதியின் கவுண்டிகள் பல அதில் இருக்கின்றன. பிளேடன் இல்லை.